எழுதிய காற்று

பிரயோஜனம் உண்டா என்று கேட்டீர்கள், உமையாள் ஆச்சி.
(வயது முப்பத்தொன்றானாலும் இந்த ஊரில் ஆச்சிதான்.)
வாயில் ஸ்க்ரூ இருந்ததால்
அன்றைக்கு "ம்" என்று மட்டும் சொன்னேன்.
கழனிவாசல் வெயிலில் அதற்கு மேல் பேச்சும் வராது.

இப்போது சொல்கிறேன்.

உங்கள் காரின் வயிற்றில் ஒரு விசிறி,
உள்ளங்கைக்குள் அடங்கும்.
நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று.
வெளிக்காற்றைப் பிடித்து, அமுக்கி, உள்ளே தள்ளுகிறது.
கோட்டையூர் தாண்டி மிதிக்கிறீர்கள்,
முதுகு சீட்டில் ஒட்டுகிறது.
எதிரே வைக்கோல் லாரி.
காலை எடுக்கிறீர்கள். த்ராட்டில் கதவு சாத்திக்கொள்கிறது.
ஓடிவந்த காற்று என்ன செய்யும்?
வந்த வழியே திரும்பி
விசிறியின் முகத்தில் அறையும்.
கேட்டிருக்கிறேன் அதை:
கோழிக் கூண்டில் கீரி புகுந்த மாதிரி
படபடபடவென்று.

அப்படி ஆகக்கூடாதென்றுதான்
கம்பெனிக்காரனே ஒரு வால்வு வைத்திருக்கிறான்.
மூச்சுக் காட்டாமல் திறக்கும்;
மிஞ்சியதை விசிறிக்கு முன்னால் கொண்டுபோய் விடும்.
உங்கள் மாமனார் மில்லில்
தவிட்டைக்கூடக் கூட்டி அள்ளுவார்களே,
அந்தச் சிக்கனம்.

நீங்கள் கொரியரில் வரவழைத்தது சிவப்பு அலுமினியம்.
பதினோராயிரத்து நானூறு.
அது தெருவைப் பார்த்துத் திறக்கும்.
ப்ஸ்ஸ்ஷ்.

மாட்டினேன்.
நூறடி ரோட்டில் ஒரு ரவுண்டு போய்வந்து
நீங்கள் சிரித்த சிரிப்புக்கு
பஞ்சர் தொட்டியிலிருந்து ஜெரோம் தலைதூக்கிப் பார்த்தான்.

ஆனால் பானெட்டுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உண்டு.
வாசலில் உட்கார்ந்து
உள்ளே நுழையும் காற்றைக் கிராம் கிராமாகப்
பேரேட்டில் ஏற்றுகிறவன்.
எழுதிய காற்றுக்குத் தக்க பெட்ரோலை
அளந்து ஊற்றுகிறவன்.
நீங்கள் தெருவில் தும்மிவிட்டதையும்
அவன் வரவில்தான் வைத்திருக்கிறான்.
வராத வரவுக்குச் செலவு எழுதினால்
எந்தக் கடை நிற்கும்?
உங்கள் வீட்டுக்கு நான் சொல்லவா வேண்டும்.

புதுவயல் ரயில்வே கேட்டில் நின்றது வண்டி.
கறுப்பாக ஒரு இருமல்.
பின்சீட்டில் மாமனார்.
அதற்குப் பின்னால் நான்கு நெல் லாரி, நான்கு ஹாரன்.
"சூசையண்ணே, பெருமூச்சு விட்டுச்சு,
அப்புறம் செத்துப்போச்சு" என்றீர்கள் போனில்.
அப்போதும் சிரித்தீர்கள் என்று நினைக்கிறேன்,
லாரிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

ஆளுக்கு ஆள் மாறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.
தேவகோட்டை அடைக்கப்பன் வண்டிக்கு உலோக வால்வு மருந்து.
பெரிய டர்போ, ஏத்திவிட்ட பூஸ்ட்,
பழைய ரப்பர் இரண்டு தரம் கிழிந்தது.
அவருடையதும் உள்ளுக்குள்தான் திரும்புகிறது,
சத்தமே கிடையாது.
பள்ளத்தூர் ரஹ்மத்துல்லா டீசலுக்குக் கேட்டார்.
"டீசல்ல அப்படிச் சாத்துற கதவே இல்ல பாய்."
"அப்ப ஒரு ஸ்பீக்கராவது வையி."

உங்கள் வண்டிக்கு:
பவர் கூடாது. மைலேஜ் குறையும். பிளக் கரி பிடிக்கும்.
பிரயோஜனம் இல்லை
என்று பில்லின் பின்பக்கம் எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

பழையதை மாட்டிக்கொண்டு போனீர்கள்.
போகும்போது சொன்னது:
"வீட்ல எல்லாரும் பேசுறாக, மில்லுல எல்லாரும் பேசுறாக.
கால எடுத்தா, அது ஒண்ணுதான்
எனக்குப் பதிலாப் பேசுச்சு."

அதை எந்தப் பத்தியில் ஏற்றுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை ஆயில் மாற்ற வந்தபோது
"இருக்கா அது?" என்றீர்கள்.
மேஜை டிராயரில், போல்ட்டுகளுக்கு நடுவே இருந்தது.
வைஸில் இறுக்கி, அடிவாயில் ஏர் ஹோஸை வைத்து
ஒரு தரம் அழுத்தினேன்.
ப்ஸ்ஸ்ஷ்.
"இன்னொரு தரம்."
இன்னொரு தரம்.
டாங்கில் காற்று இறங்கி
மூலையில் கம்ப்ரசர்
தானாக ஓட ஆரம்பித்தது.